இங்கே அப்பா தடுமாறுகிறார்

இருபத்துமூன்று வருடம் நான் பலகை தூக்கி வயிறு வளர்த்தவன். தொலைக்காட்சி நிலையத்தில் வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் என் சட்டையையும் செருப்பையும் ஒருமுறை பார்ப்பார்கள். அங்கே என்ன வேலை என்று கேட்டால் உள்ளதைச் சொல்வேன். ஜனங்களைச் சிரிக்கச் சொல்வேன், கைதட்டச் சொல்வேன், எழுந்து நிற்கச் சொல்வேன், வாயை மூடச் சொல்வேன். "அட, பெரிய ஆள்தான்" என்பார்கள். பெரிய ஆள்தான். கேமராவுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முட்டி தேய்ந்த பெரிய ஆள்.

நிகழ்ச்சியின் பெயர் ஏழு மணி மேடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரலை. பாட்டு, ஆட்டம், பலகுரல், வித்தை எல்லாம் ஒரே மேடையில் வரும். ஒருவர் பல்லால் சைக்கிளைத் தூக்குவார். ஒருவருடைய நாய் கணக்குப் போடும். அந்த நாய் எங்கள் எல்லோரையும்விட முன்னதாக வந்து உட்கார்ந்திருக்கும். நல்ல காலத்தில் ஏழு மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. அரங்கத்தில் அறுநூறு நாற்காலி. அத்தனையையும் காலையில் போட்டு, எட்டரைக்கு மேல் மடக்கி அடுக்குவதும் என் வேலைதான். கடிதம் மூட்டை மூட்டையாக வரும். அதையும் நான்தான் முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றுவேன். மூட்டை கனத்தது தெரியும். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. ஏனென்றால் எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது.

பலகையை எப்படிப் பிடித்தாய் என்று கேட்பீர்கள். ஜனங்கள் செய்ய வேண்டியதை எழுதிய நாலு பலகை, ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு நிறத் துணி சுற்றி வைத்திருந்தேன். சிவப்பு என்றால் கைதட்டு. பச்சை என்றால் சிரிப்பு. நீலம் எழுந்து நில். கறுப்பு, சத்தம் போடாதே. பதினாலு வருடம் ஒரு தவறு கிடையாது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிறு ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று பாட வந்தது. மஞ்சள் கவுன் போட்டிருந்தது. இரண்டாவது அடியில் பாட்டு மறந்துவிட்டது. இது அடிக்கடி நடக்கிறதுதான். குழந்தை திணறினால் மைக்கண்ணன் என் பக்கம் திரும்பி இமையை ஆட்டுவார். மைக்கண்ணன் என்றால் நிகழ்ச்சியை நடத்துகிறவர், மைக் பிடித்த அண்ணன். நான் உடனே சிவப்பைத் தூக்குவேன். அறுநூறு பேரும் தட்டுவார்கள். குழந்தைக்குத் தைரியம் வந்து மறுபடி பிடித்துக்கொள்ளும்.

முந்தின நாள் புதிதாகச் சேர்ந்த மேடை அலங்காரக்காரர் ஒருவர், கைப்பிடித் துணியெல்லாம் அழுக்காக இருக்கிறதென்று பிய்த்துப் போட்டுவிட்டு கைப்பிடி எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்துவிட்டார். நான் நாற்காலி போட்டுவிட்டு அரக்கப்பரக்க வந்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். நாலும் ஒரே வெள்ளை. யாரிடம் கேட்பது? கேட்டால் பதினாலு வருடப் பொய் வெளியே வந்துவிடும். வழக்கமாக எந்த வரிசையில் சாத்தி வைப்பேனோ அந்த வரிசையை நம்பி ஒன்றைத் தூக்கினேன்.

அரங்கம் சிரித்தது. அவர்கள் சிரித்தபோதுதான் அது எந்தப் பலகை என்று எனக்குத் தெரிந்தது.

கெட்ட ஜனங்கள் இல்லை அவர்கள். பலகை சொன்னால் செய்கிறவர்கள். இலவச அனுமதிக்கு அதுதான் வாடகை. ஆனால் அந்தக் குழந்தைக்கு அது தெரியுமா? அது அரங்கத்தைப் பார்த்தது, ஓரத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தது, அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டது. விளம்பரம் போட்டு மூடினார்கள்.

"ஏண்டா பலகை, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று மைக்கண்ணன் கத்தினார்.

"கை மாறிப் போச்சுண்ணே" என்றேன்.

கையும் சரியாகத்தான் இருந்தது, கண்ணும் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் நாலு பலகையையும் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. வீட்டில் மகனும் மருமகளும். மருமகள் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமாகி வந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. பலகைகளைச் சுவரில் சாத்தியதும் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்ன மாமா, என் சமையலுக்குக் கைதட்ட ஆள் கூட்டிட்டு வரப் போறீங்களா?"

"கைதட்டுறது எதும்மா?"

சிரித்துக்கொண்டே ஒன்றைக் காட்டினாள். "சிரிக்கிறது?" என்றேன். அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. அழவும் இல்லை, ஐயோ பாவம் என்று சொல்லவும் இல்லை. "வியாழக்கிழமை உங்களுக்கு லீவுதானே? காலையில ஆறரைக்கு என் வண்டியில ஏறுங்க" என்றாள்.

ஒரு வருடம் வியாழன்தோறும் ஏறினேன். முன் இருக்கையில் ஜன்னலோரம். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரைக்கும் வருகிற கடைப் பலகையெல்லாம் உரக்கப் படிக்க வேண்டும். தப்பாகப் படித்தால் ஒரு விசில். ஒரு விசிலுக்கு டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவார். அது அவருக்குப் பழக்கதோஷம். சரியாகப் படித்தால் இரண்டு விசில், வண்டி போகும். "தாயே, உன் மாமனார் பாஸாகிறதுக்குள்ள நான் ரிட்டயராயிடுவேன்" என்று டிரைவர் கும்பிடுவார். ஏறியிருந்த ஜனமே சில நாள் எனக்கு எடுத்துக்கொடுத்தது. "பெரியவரே, அது மருந்துக்கடை. மருத்துவமனை இல்ல. அவசரத்துக்குப் போயிடாதீங்க." இப்படித்தான் நான் படித்தேன். இதில் கண்ணீர் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து ஒரு சொட்டு இல்லை.

அதற்கப்புறம் காலம் மாறியது. எதிர்ச் சேனலில் பாட்டுப் போட்டி வந்தது. ஒரு கூட்டம் அங்கே போனது. பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. பல்லால் சைக்கிள் தூக்குவதை விரலால் தள்ளிவிட்டுப் போகிற காலம். அறுநூறு நாற்காலி முந்நூறானது. முந்நூறு நூற்றுப் பத்தானது. மிச்ச இடத்தைக் கறுப்புத் துணி போட்டு மூடினோம், கேமரா அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று தரையில் கோடு போட்டோம். அந்த நூற்றுப் பத்துப் பேரையும் வேனில் ஏற்றி, கையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. எனக்கு வேலை குறைந்தது என்று முட்டிதான் சந்தோஷப்பட்டது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் புதுத் தயாரிப்பாளர் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். வாராவாரம் வியாழக்கிழமை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு புள்ளிக் கணக்கு வரும். அது வந்த நாளிலிருந்து அடுத்தது வருகிற வரைக்கும் அதையே பேசிக்கொண்டிருப்பார். புள்ளி சார் என்றுதான் நாங்கள் சொல்வோம். அவர் நிமிடத்துக்கு நிமிடம் பிரித்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். "நாய் கணக்குப் போட்டா மூணு புள்ளி. ஒரு விதவை அழுதா ஏழு."

நாய் வீட்டுக்குப் போனது. வித்தைக்காரரும் போனார். மேடையில் சோபா வந்தது. கால் போனவர், வீடு எரிந்தவர், பிள்ளை ஓடிப்போனவர் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஐந்தாவதாக ஒரு பலகை வந்தது. கைப்பிடியில் துணியில்லாமலே படித்தேன். 'கண்ணைத் துடைக்கவும்.'

இதுவும் கொஞ்ச நாள்தான் ஓடியது. தினமும் அழுகிறவர்களைப் பார்த்தால் ஜனத்துக்கும் சலிக்குமல்லவா? ஏழு ஐந்தாகி, ஐந்து மூன்றானது. நாய் போட்ட அதே மூன்று.

ஒரு திங்கட்கிழமை மைக்கண்ணன் என்னை நாற்காலிக் கிடங்குக்குத் தேடி வந்தார். அவர் கிடங்குக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"டேய் பலகை, இந்த மாசத்தோட இழுத்து மூடப் போறாங்களாம்டா."

"சொல்லிக்கிறாங்க."

"நீ ஒரு நாள் எங்கிட்ட சொன்னியே, வயசான காலத்துல படிச்ச கதை, அதைப் புள்ளி சார்கிட்ட வாய்தவறிச் சொல்லிட்டேன். உன்னை மேடையேத்தணும்னு நிக்கிறார். மூணு மாசம் தள்ளிப் போடலாம்ங்கிறார். அறுபத்துநாலு பேர் இருக்கோம்டா."

புள்ளி சார் அறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் தூக்கிச் சுமக்கிற நாற்காலியில் நானே உட்காருவது அதுதான் முதல் தடவை.

"உங்க கதை அற்புதம் பெரியவரே" என்றார். "மகள் சொல்லிக் குடுத்தாங்க, இல்லையா?"

"மருமகள் சார்."

"மகள்னு வெச்சுக்கலாம். மருமகள் மாமனாருக்குச் சொல்லிக் குடுத்தாள்னா பார்க்கிறவன் நம்ப மாட்டான். மகன் என்ன பண்றார்?"

"லாரிப் பட்டறையில டயர் வேலை."

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கான் சார்."

அவர் முகம் வாடியது. பேனாவைக் கடித்தார். "டயர் வெடிச்சு இறந்துட்டார்னு வெச்சுக்கலாம்."

"நான் எதுக்கு சார் வெச்சுக்கணும்?"

அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேடையில் சிலேட்டு இருக்குமாம். எனக்கு எழுத்தே தெரியாதாம். மகள் என் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பாளாம். நான் எழுத முடியாமல் தடுமாறுவேனாம். பிறகு எழுதிவிட்டு உடைந்து அழுவேனாம்.

"சார், நான் படிக்கக் கத்துக்கிட்டு எட்டு வருஷம் ஆச்சு."

"இருக்கட்டும். தெரிஞ்சவனைப் பார்த்து எவன் அழுவான்?"

எழுந்து வந்துவிட்டேன். கிடங்கில் போய் மடக்கிய நாற்காலிகள் நடுவே நின்றேன். வெளியே தையற்காரம்மா, விளக்குக்காரர், மேக்கப் போடுகிறவர், வேன் ஓட்டுகிறவர் என்று ஒவ்வொருவராக அந்த வழியே ஏதோ வேலை இருக்கிறாற்போல நடந்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அந்த மஞ்சள் கவுன் பிள்ளை எந்த ஊர், என்ன பேர், எதுவும் எனக்குத் தெரியாது. ஒன்பது வருடமாகத் தேடிச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல இந்த ஒரு மேடைதான் இருக்கிறது. அதையும் மூடப் போகிறார்கள்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "வர்றேன் சார். எழுத்துத் தெரியாதவனா உக்காரச் சொல்றீங்க. ஒரு காலத்துல அது உண்மைதான், உக்கார்றேன். ஆனா என் மகன் சாகக் கூடாது. மருமகள் மருமகளாத்தான் வருவா. கடைசியில ரெண்டு வரி நான் பேசணும்." அந்தக் குழந்தை கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மருமகளைத் தவிர.

"ரெண்டு வரிதானே? எழுதிடறேன்" என்றார் புள்ளி சார். கையைக்கூடக் குலுக்கினார்.

வீட்டில் சொன்னதும் மகன் தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"என்னைக் கொன்னுட்டாங்களா? எதுலப்பா செத்தேன்?"

"டயர் வெடிச்சு."

"பரவாயில்ல. தொழில் தெரிஞ்சுதான் கொன்னிருக்காங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மருமகள். "மாமா, நான் சீருடையிலதான் வருவேன். எவனாவது அழச் சொன்னா விசில் ஊதிருவேன். அப்புறம், அந்த ரெண்டு வரியைத் தாள்ல பார்த்தீங்களா?"

"சொல்லியிருக்காரும்மா."

"வாயால சொன்ன டிக்கெட்டுக்கு யாரும் இடம் தர மாட்டாங்க. தாளை வாங்குங்க, படிங்க. எதுக்குப் படிச்சீங்க பின்ன?"

ஞாயிறு ஆறரைக்கு மேடைக்குப் பின்னால் நின்றோம். எனக்கு யாரோ ஒருவருடைய கிழிந்த சட்டையைக் கொண்டுவந்தார்கள். என் சட்டை போதும் என்றேன், அதுவும் அவ்வளவு நன்றாக இல்லை. மருமகள் பித்தளை எண் மின்ன, காக்கிச் சட்டையில், விசிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு நின்றாள். மகன் மூன்றாவது வரிசையில் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தான். மைக்கண்ணனுக்கும் அவளுக்கும் தாள் கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை.

"எனக்கு சார்?"

புள்ளி சார் சிரித்தார். "உங்களுக்கு எதுக்குப் பெரியவரே? சரி, கையில வெச்சுக்குங்க, பயம் போகும்."

"என் ரெண்டு வரி?"

"இதோ." தாளின் அடியில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, காதில் சொருகியிருந்த ஒலிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அவர் விரல் வைத்த இடத்தைப் படித்தேன். 'சோக இசை. விளம்பரம்.'

இரண்டு தடவை படித்தேன். பிறகு மேலேயிருந்து படித்தேன். இந்த மனிதர் இரண்டு வருடமாக என்னோடு வேலை பார்க்கிறார். அவர் தேர்ந்தெடுத்த பலகையெல்லாம் நான் பிழையில்லாமல் தூக்கியிருக்கிறேன். இருந்தும் தான் எழுதிய கதையைத் தானே நம்பிவிட்டார். எழுத்துத் தெரியாதவனுக்கு எதைக் காட்டினால் என்ன என்று நினைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்து பல வருடம் ஆகிறது. வந்ததும் அது நல்ல துணையாக இருந்தது.

மருமகளும் படித்துவிட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். "போயிடலாமா மாமா?"

"வண்டி ஏறியாச்சு" என்றேன். "இறங்குற இடம் நமக்குத்தான் தெரியும்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

மேடையிலிருந்து அரங்கத்தைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. நூற்றுப் பத்து முகம். அதற்குப் பின்னால் துணி மூடிய இருட்டு. கேமராவுக்குக் கீழே என் இடத்தில் விளக்குக்காரர் குத்துக்காலிட்டிருந்தார். அவருக்கும் எழுத்துத் தெரியாது. காலையில் நான்தான் கைப்பிடிகளில் நிறத் துணி சுற்றிக் கொடுத்து, அழுகைக்கு மஞ்சள் என்று சொல்லியிருந்தேன்.

மைக்கண்ணன் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார். "இந்தச் சின்ன வயசுல கணவரைப் பறிகொடுத்துட்டு, பெத்த அப்பாவைக் காப்பாத்துற இந்த மகள்..."

"அண்ணே, யாரு பறிகொடுத்தது?" என்றாள் மருமகள். "என் வீட்டுக்காரர் அதோ மூணாவது வரிசையில உக்காந்து உங்க பொட்டலத்தைத் தின்னுக்கிட்டிருக்கார்."

மகன் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். அரங்கம் குபீரென்று சிரித்தது. விளக்குக்காரர் பதறிப்போய் மஞ்சளைத் தூக்கினார். 'கண்ணைத் துடைக்கவும்' என்ற பலகைக்கு மேலே நூற்றுப் பத்துப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மைக்கண்ணனின் காதுப் பொத்தானில் புள்ளி சார் என்னவோ கத்தியது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவசரமாகச் சிலேட்டை என் மடியில் வைத்தார். "பெரியவரே, எழுத்தே தெரியாத உங்க கையால முதல் எழுத்தை..."

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகை படித்த அதே குரலில் படித்தேன்.

"'இங்கே அப்பா தடுமாறுகிறார்.' தடுமாறலை அண்ணே. அடுத்தது. 'மகள் கையைப் பிடிக்கிறாள். மகள் கண்ணைத் துடைக்கிறாள்.' துடைக்கிறியாம்மா?"

"தூசி ஒண்ணும் விழலை மாமா."

"'அப்பா மறுபடி தடுமாறுகிறார். கேமரா கையைக் காட்டுகிறது, கை நடுங்குகிறது.'" கையை நீட்டிக் காட்டினேன். ஒரு நாளைக்கு அறுநூறு நாற்காலி தூக்கின கை. அது நடுங்கவில்லை. "'பார்வையாளர்கள் அழுகிறார்கள்.' நீங்கதான் அழணுமாம். அழுறீங்களா?"

"இல்ல!" என்று யாரோ ஒரு அம்மா கத்தினாள். சிரிப்பு அலை மாதிரி வந்தது. இருபத்துமூன்று வருடத்தில் எத்தனையோ சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். பலகை தூக்கி வரவழைத்த சிரிப்புக்கு ஒரே நீளம், ஒரே இடத்தில் நிற்கும். இது இங்கே நின்றால் அங்கே கிளம்பியது.

மைக்கண்ணன் கையைத் தூக்கினார். "ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு..." என்று ஆரம்பித்தார்.

மருமகள் விசிலை வாயில் வைத்தாள். இரண்டு விசில். எனக்கும் அவளுக்கும் அதன் அர்த்தம் தெரியும். பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். வண்டி போகட்டும்.

மைக்கண்ணன் காதிலிருந்த பொத்தானைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மைக்கை என் கையில் கொடுத்தார். "பேசுடா பலகை" என்றார். அது ஒலிபரப்பில் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

எழுந்து நின்றேன். எந்தக் கேமரா என்று எனக்குத் தெரியும், எத்தனை வருடம் அதன் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி மஞ்சள் கவுன் போட்ட பிள்ளை ஒண்ணு இங்க பாடிச்சு. நடுவுல பாட்டு மறந்துபோச்சு, அரங்கமே சிரிச்சுது. அம்மா, அவங்க உன்னைப் பார்த்துச் சிரிக்கலை. கைதட்டச் சொல்ல வேண்டிய இடத்துல, எழுத்துத் தெரியாத ஒருத்தன் சிரிக்கச் சொல்ற பலகையைத் தூக்கிட்டான். அந்தப் பலகையைத் தூக்கினது நான். உன் பாட்டு நல்லா இருந்துச்சு."

இரண்டு வரி கேட்டேன், கூடிப்போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை, தட்டவில்லை. விளக்குக்காரர் பலகை எல்லாவற்றையும் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டிருந்தார். அந்த அரங்கத்தில் கறுப்புப் பலகை இல்லாமல் அப்படி ஒரு அமைதி நான் கேட்டதில்லை.

கீழே இறங்கியதும் புள்ளி சார் மூச்சிரைக்க நின்றார். "நாளையிலேருந்து இந்தக் கட்டடத்துல கால் வைக்காதீங்க."

"சரி சார். நாற்காலியை யார் மடக்குவாங்க?" என்றேன். நானும் மகனும் மருமகளும் மடக்கி அடுக்கிவிட்டுத்தான் வந்தோம். வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

திங்களிலிருந்து மூட்டை இறக்கும் கொட்டகையில் சேர்ந்துகொண்டேன். முட்டிதான் முணுமுணுத்தது. வியாழன் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது வாசலில் கார் நின்றது. உள்ளே புள்ளி சார். என் வீட்டு நாற்காலியில், முகமெல்லாம் பல்லாக.

"பெரியவரே, பதினொண்ணு!"

"என்ன சார் பதினொண்ணு?"

"புள்ளி! மூணு வருஷத்துல வராத புள்ளி. விளம்பரம் போடச் சொல்லிக் கத்தினேன். உள்ள, போன்ல பார்க்கிறவங்களை அப்பப்ப எண்ணுறவர், ஏறுது ஏறுது நிறுத்தாதீங்கன்னுட்டார். நிகழ்ச்சியை மூடலை. ஆறு மாசம் குடுத்திருக்காங்க."

அறுபத்துநாலு பேர் முகமும் எனக்கு முன்னால் வந்துபோனது. "சந்தோஷம் சார்" என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான்.

அவர் பையிலிருந்து புதுத் தாளை எடுத்தார். இந்தத் தடவை மரியாதையாக என் கையிலேயே கொடுத்தார். வாராவாரம் நான் வர வேண்டுமாம். பகுதிக்குப் பெயர் 'பெரியவர் படிக்கிறார்'. மருமகளுக்கு விசில் உண்டு. யாராவது அழுவதற்கு வருவார்களாம், நான் தாளைப் பிடுங்கிப் படித்துச் சிரிக்க வைக்க வேண்டுமாம்.

படித்தேன். 'இங்கே பெரியவர் கோபப்படுகிறார்.' அதற்குக் கீழே, 'மருமகள் இரண்டு விசில்.' அதற்கும் கீழே, 'மஞ்சள் கவுன் பெண் மேடைக்கு வருகிறாள். பெரியவர் அவள் காலில் விழுகிறார்.'

"அந்தப் பொண்ணு கிடைச்சுட்டாளா சார்?" தாளிலிருந்து நிமிர்ந்தேன்.

"தேடிட்டிருக்கோம். கிடைக்கலைன்னா அந்த வயசுல வேற ஒரு பொண்ணை வெச்சுக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

மருமகள் அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். விசில் ஆணியில் தொங்கியது.

"அவ இப்ப பதினெட்டு வயசுப் பிள்ளையா இருப்பா" என்றேன். "எங்கயோ உக்காந்து நான் சொன்னதைக் கேட்டிருந்தாலும் கேட்டிருப்பா. அடுத்த வாரம் வேற ஒருத்தியை நிறுத்தி அவதான் நீன்னு காட்டினா, போன வாரம் நான் சொன்னதும் பொய்னு ஆயிடும். ரெண்டாவது தடவையும் அவளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்றீங்க."

"அப்ப அந்த அறுபத்துநாலு பேர்?"

"அவங்களை என் தலையில ஏத்தாதீங்க சார். அவங்களுக்கு வேலை தெரியும். நாய்க்காரரைக் கூப்பிடுங்க. பல்லால சைக்கிள் தூக்கினவருக்கு இன்னும் பல்லு இருக்கான்னு கேட்டுப் பாருங்க. பலகை பிடிக்கணும்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன். மேடைக்கு வர மாட்டேன்."

"கொஞ்சம் யோசிங்க. தாளை வெச்சுட்டுப் போறேன்."

"வேண்டாம், கையோட கொண்டு போங்க. பேனா குடுங்க."

கையெழுத்துப் போடப் போகிறேன் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கொடுத்தார். அவர் போன வாரம் விரல் வைத்துக் காட்டிய அதே இடம், தாளின் அடிப்பக்கம், இந்தத் தாளில் காலியாக இருந்தது. முழங்காலில் தாளை வைத்து எழுதினேன். கடைசி வரிசையில், கறுப்புத் துணிக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தாலும் படிக்கிற மாதிரி, பலகை எழுத்து அளவுக்குப் பெரிதாக.

'வர முடியாது.'

திருப்பி நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். என் கை தடுமாறியதா என்று கேட்டால், மருமகள் பக்கத்தில்தான் நின்றாள், அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.